பெயரில் இருக்கும் மைலேஜ் டேங்கில் இருக்கிறதா?

தமிழ்நாட்டின் எந்த ஹைவே பங்க்கிலும் நடக்கிற காட்சிதான். ராத்திரி பதினோரு மணி. லோடு ஏற்றிய லாரி ஒன்று உள்ளே திரும்புகிறது. பங்க் பையன் டேங்க் மூடியைத் திறந்துகொண்டே கேட்கிறான்: "அண்ணே, பிரீமியம் போட்டுரட்டுமா? நாலு ரூவாதான் கூட. மைலேஜ் நல்லாக் குடுக்கும், இன்ஜினுக்கும் நல்லது."

டிரைவர் ஒரு நொடி யோசிக்கிறார். அஞ்சாம் தேதி வண்டி டியூ கட்ட வேண்டும். டயர் ரெண்டு மொட்டையாகிக் கிடக்கிறது. மைலேஜ் கூடினால் நல்லதுதானே? "சரி, போடுப்பா" என்கிறார்.

அந்த ஒரு நொடியில்தான் மொத்த வியாபாரமும் நடந்து முடிகிறது. யாரும் கணக்குப் போடவில்லை. யாரும் ஆதாரம் கேட்கவில்லை. 'நல்ல டீசல் என்றால் மைலேஜ் கூடும்' என்ற நம்பிக்கை மட்டும் நாலு ரூபாய்க்கு விற்றுப் போயிருக்கிறது.

இந்த நம்பிக்கை பாதி உண்மை, பாதி விளம்பரம். பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட ஆபத்தானது. முழுப் பொய் என்றால் ஒரே மாதத்தில் சாயம் வெளுத்துவிடும். பாதி உண்மை வருடக் கணக்கில் ஓடும்!

முதலில், 'நல்ல' என்றால் என்ன?

டீசலில் 'தரம்' என்று ஒரே ஒரு அளவுகோல் கிடையாது. குறைந்தது நாலு தனித்தனி விஷயங்களை ஒரே வார்த்தைக்குள் போட்டுக் குலுக்குகிறார்கள்.

ஒன்று, கந்தகம். டீசலில் எத்தனை பி.பி.எம். கந்தகம் இருக்கிறது என்பது.

இரண்டு, சீட்டேன் எண். சிலிண்டருக்குள் பீய்ச்சிய டீசல் எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்கிறது என்பதன் அளவு.

மூன்று, அடர்த்தி. ஒரு லிட்டர் டீசல் எத்தனை கிராம் எடை என்பது.

நாலு, சேர்மானங்கள். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் டிடர்ஜென்ட், நுரை தடுப்பான், துருத் தடுப்பான், பம்ப்பைத் தேயாமல் காக்கும் வழவழப்பு இத்யாதி.

இந்த நாலில் எது மைலேஜைத் தொடுகிறது? ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கந்தகம்: நுரையீரலுக்கு நல்லது, மீட்டருக்கு அல்ல

இந்தியாவில் டீசல் சுத்தமான கதை பெரிய கதை. 2005-ல் நாடு முழுவதும் பி.எஸ்.-2 டீசல் வந்தபோது அதில் 500 பி.பி.எம். வரை கந்தகம் இருக்கலாம். பி.எஸ்.-3-ல் 350. 2010 ஏப்ரலில் டெல்லி, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பி.எஸ்.-4 வந்தபோது 50. 2017 ஏப்ரலில் அதுவே நாடு முழுவதற்கும் ஆனது. பிறகு பி.எஸ்.-5 என்ற படியையே தாண்டிக் குதித்து, 2018 ஏப்ரலில் டெல்லியிலும் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 டீசல். கந்தகம் வெறும் 10 பி.பி.எம்.

500 எங்கே, 10 எங்கே! ஐம்பதில் ஒரு பங்கு. பிரீமியம், சாதா என்ற பேதமில்லாமல் எல்லா பங்க்கிலும் வந்த மாற்றம் இது. தரம் கூடினால் மைலேஜும் கூடும் என்பது விதியாக இருந்தால், இந்தப் பதினைந்து வருடத்தில் ஒவ்வொரு லாரி ஓனரும் ஒரு மாடி கட்டியிருக்க வேண்டும். அப்படி யாரும் கட்டியதாகத் தெரியவில்லை :-)

ஏன்? 500 பி.பி.எம். என்பதே எடையில் 0.05 சதவீதம்தான். அதை எடுத்துவிட்டதால் எரிபொருளின் சக்தி கூடப் போவதில்லை. சொல்லப்போனால் லேசாகக் குறையும். கந்தகத்தைப் பிரிக்க ரிஃபைனரியில் ஹைட்ரஜனை ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள். அதில் டீசலின் அடர்த்தி கொஞ்சம் இறங்குகிறது. 15 பி.பி.எம். டீசல் அமெரிக்காவுக்கு வந்தபோது, லிட்டருக்கு ஒரு சதவீதம் அளவுக்குச் சக்தி குறையலாம் என்று அங்கே வெளிப்படையாகவே சொன்னார்கள். சுத்தமான டீசலுக்கு மைலேஜில் கிடைக்கும் பரிசு, மைனஸ் ஒன்று!

அப்படியானால் கந்தகத்தை எதற்கு எடுத்தார்கள்? புகைக்காக. கந்தகம் இருந்தால் சைலன்சர் வழியில் வைக்கிற வினையூக்கிக் கருவிகள் கெட்டுப்போகும், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்யாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் முதல் பிரிவிலேயே சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. சிக்னலில் பஸ்ஸுக்குப் பின்னால் டூவீலரில் நிற்கிறவருக்கும், ரோட்டோரம் இட்லிக் கடை போட்டிருக்கும் அம்மாவுக்கும்தான் 10 பி.பி.எம். டீசல் வந்தது. ஓனரின் பாக்கெட்டுக்காக அது வரவே இல்லை.

சீட்டேன்: அவசரக்காரன் பலசாலி அல்ல

சீட்டேன் எண் கூடினால் டீசல் சீக்கிரம் பற்றும். இன்ஜின் சத்தம் குறையும், குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும், காலையில் வெள்ளைப் புகை தள்ளாது. எல்லாம் நிஜம். ஆனால் சீக்கிரம் பற்றுவது வேறு, அதிகம் எரிவது வேறு. கற்பூரம் விறகைவிட வேகமாகப் பற்றும். கற்பூரத்தை வைத்து யாராவது அண்டா சோறு வடிக்கிறார்களா?

இந்தியாவில் பி.எஸ்.-3 காலத்திலிருந்தே சாதா டீசலுக்குக் குறைந்தபட்ச சீட்டேன் 51 என்று விதி. இன்ஜின் கேட்பது கிடைத்த பிறகு, மேலே நாலு புள்ளி கூட்டிக் கொடுப்பது பந்தியில் போதும் என்று இலையை மூடியவருக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவது போல. மரியாதை இருக்கும், பசி இருக்காது.

இன்னொரு வேடிக்கை. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றித் தயாரிக்கும் ஒரு வகை டீசல் உண்டு. ஃபின்லாந்தின் நெஸ்டே கம்பெனி இதில் பெரிய பெயர். சீட்டேன் எண் 70-க்கு மேல். கந்தகம் ஏறக்குறைய பூஜ்யம். தரம் என்று பார்த்தால் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அதன் ஒரு லிட்டரில் உள்ள சக்தி, சாதா டீசலைவிட நாலைந்து சதவீதம் குறைவு. காரணம், அது எடை குறைந்த டீசல். பங்க்கில் அளப்பது லிட்டரை. இன்ஜின் சாப்பிடுவது எடையை.

அடர்த்தி: யாரும் விளம்பரம் செய்யாத ஹீரோ

மைலேஜை நேரடியாகத் தொடுவது இந்த மூன்றாவது விஷயம்தான். ஒரு கிலோ டீசலின் சக்தி எந்த பங்க்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 43 மெகாஜூல். ஆனால் ஒரு லிட்டரின் எடை 820 கிராமாகவும் இருக்கலாம், 845 கிராமாகவும் இருக்கலாம். இரண்டுமே சட்டப்படி நல்ல டீசல்தான். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று சதவீத வித்தியாசம்.

அதாவது ஒரு ரிஃபைனரியிலிருந்து வந்த லோடுக்கும் இன்னொரு ரிஃபைனரியிலிருந்து வந்த லோடுக்கும் நடுவில், பிரீமியம் டீசல் தருவதாகச் சொல்லும் மைலேஜ் வித்தியாசத்தில் பெரும்பகுதி சும்மாவே வந்து போகலாம். "போன வாரம் பிரீமியம் போட்டேன், நல்லாக் குடுத்துச்சு" என்று சொல்கிறவர், போன வாரம் கனமான டீசல் வந்த டேங்கரின் புண்ணியத்தைப் பிரீமியத்தின் கணக்கில் வரவு வைக்கிறார். அக்கவுன்டன்சியில் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்: வரவைத் தப்பான கணக்கில் எழுதினாலும் இருப்பாய்வு டாலி ஆகிவிடும், தப்பு மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்!

சேர்மானங்கள்: பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது

நியாயமாகச் சொன்னால், பிரீமியம் டீசலில் ஒன்றுமே இல்லை என்பது தப்பு. அதில் டிடர்ஜென்ட் இருக்கிறது. அது வேலையும் செய்கிறது. எங்கே, எப்போது என்பதுதான் கேள்வி.

இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1600 பார், 2000 பார் என்ற அழுத்தத்தில் தலைமுடி அளவு ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சப்படுகிறது. அந்த ஓட்டையில் கரி படிந்தால் தூறலாக விழ வேண்டியது சொட்டாக விழும். எரிவது கெடும். புகை கூடும், இழுவை குறையும், மைலேஜும் குறையும். டிடர்ஜென்ட் அந்தக் கரியைக் கரைக்கிறது. குறைந்தது திரும்ப வருகிறது.

கவனியுங்கள்: திரும்ப வருகிறது. புதிதாக வருவதில்லை. காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுத்தால் எழுந்து நடப்பான். நன்றாக இருக்கிறவனுக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்துவிடுவானா?

ஐரோப்பாவில் இந்த டிடர்ஜென்ட்களைச் சோதிக்கும் முறையே இதைக் காட்டிக் கொடுக்கிறது. டீ.டபிள்யூ.10 என்ற இரண்டு லிட்டர் பியூஜோ இன்ஜினை வைத்துச் செய்யும் சோதனை அது. சுத்தமான டீசலில் ஓட்டினால் கரி சீக்கிரம் படியாது என்பதால், வேண்டுமென்றே டீசலில் ஒரு பி.பி.எம். துத்தநாகத்தைக் கலக்கிறார்கள். இன்ஜெக்டர் அழுக்காகிறது. சேர்மானம் கலந்த டீசலில் அந்த அழுக்கு எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று பார்க்கிறார்கள். அங்கே அளப்பதும் இன்ஜினின் பவர் இழப்பைத்தான், மைலேஜை அல்ல. அறிவியலாக இது சரியான சோதனை. தப்பு எங்கே நடக்கிறதென்றால், இப்படிப்பட்ட அறிவியல் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து பங்க் வாசலில் பேனராகத் தொங்கும்போது! அழுக்கான இன்ஜினில் கிடைத்த பலன், ஷோரூமிலிருந்து நேற்று வந்த வண்டிக்கும் சேர்த்து விற்கப்படுகிறது.

பெயரே வாக்குறுதி

2000-களின் தொடக்கத்தில் எண்ணெய் கம்பெனிகள் டீசலுக்குப் பெயர் சூட்ட ஆரம்பித்தன. இந்தியன் ஆயிலின் டீசல் 'எக்ஸ்ட்ராமைல்'. ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டீசல் 'டர்போஜெட்'. ஒன்றில் கூடுதல் மைல், இன்னொன்றில் விமானம். எத்தனை மைல் கூடுதல், எந்த வண்டியில், எந்த நிலையில் என்று பெயருக்குள் எழுத முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் பில்லில் எழுதலாமே? பங்க் போர்டில் எழுதலாமே?

அமெரிக்காவில் பெட்ரோல் விஷயத்தில் இதே நாடகம் நடந்தது. உயர் ஆக்டேன் பெட்ரோல் இன்ஜினைச் சுத்தமாக வைத்துப் பராமரிப்புச் செலவைக் குறைக்கும் என்ற எக்ஸான் கம்பெனியின் விளம்பரங்களைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் கேள்வி கேட்டது. 1997-ல் சமரசம் ஆனது. பெரும்பாலான கார்களுக்குச் சாதா பெட்ரோலே போதும் என்று அதே கம்பெனி விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று. விற்றவன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்தார்கள். அதுதான் நுகர்வோர் பாதுகாப்பு!

இந்தியாவிலும் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2020-ல் மத்திய ஆணையமும் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது. மைலேஜ் எத்தனை கூடும் என்று எழுத்தில் கேட்கிற ஆள்தான் இல்லை.

நாலு ரூபாய்க் கணக்கு

வணிகவியல் மாணவர் யாராக இருந்தாலும் இரண்டே நிமிடத்தில் போட வேண்டிய கணக்கு இது. வகுப்பில் பிரேக் ஈவன் பாயின்ட் என்று மார்க்குக்காகப் படிப்பதை ஒருமுறை பங்க்கில் உபயோகித்துப் பார்க்கலாம்.

சாதா டீசல் 92 ரூபாய், பிரீமியம் 96 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 4.35 சதவீதம் கூட. அப்படியானால் மைலேஜ் 4.35 சதவீதம் கூடினால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். அதற்கு மேல் கூடினால்தான் லாபம் என்ற பேச்சே.

ஒரு லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று எடுங்கள்.

சாதா டீசலில்: 2,000 லிட்டர், 1,84,000 ரூபாய்.

பிரீமியத்தில் மைலேஜ் 2 சதவீதம் கூடினால்: 1,961 லிட்டர், சுமார் 1,88,200 ரூபாய். மாதம் 4,200 ரூபாய் நஷ்டம்.

6 சதவீதம் கூடினால்: 1,887 லிட்டர், சுமார் 1,81,100 ரூபாய். மாதம் 2,900 ரூபாய் லாபம்.

நடுவில் பாருங்கள். 2 சதவீதம் கூடியும் நஷ்டம்! 'மைலேஜ் கூடியது' என்ற வாக்கியம் உண்மையாக இருக்கும்போதே 'பணம் போனது' என்ற வாக்கியமும் உண்மை. கம்பெனி முதல் வாக்கியத்தைச் சொல்கிறது. இரண்டாவதை ஓனரின் டைரிதான் சொல்ல வேண்டும்.

நாடு ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறது. 2012 செப்டம்பரில் டீசல் விலையை லிட்டருக்கு 5 ரூபாய் ஏற்றியபோது, பிரீமியம் டீசலுக்கு இருந்த மானியத்தையும் அரசு எடுத்துவிட்டது. விலை வித்தியாசம் எக்கச்சக்கமாக விரிந்தது. பிரீமியத்தின் விற்பனை படுத்தேவிட்டது. அதுவரை "இன்ஜினுக்கு நல்லதுப்பா" என்றவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் சாதா டீசல் பக்கம் வந்தார்கள். அந்த விலைக்குத் தகுந்த பலன் இல்லை என்பது அவர்களுக்கே உள்ளூரத் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

"ஆனா எங்க வண்டியில கூடுச்சே!"

இந்தப் பதில் எப்போதும் வரும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அளவுதான் பொய் சொல்கிறது.

டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல் என்பதுதான் எல்லோரும் உபயோகிக்கும் முறை. காரில் 40 லிட்டர் நிரப்பும்போது நாஸில் ஒரு லிட்டர் முன்பின்னாகக் கட் ஆனால் போதும், 2.5 சதவீதம் தப்பு. கண்டுபிடிக்க வேண்டிய வித்தியாசமே அவ்வளவுதான்! தராசு முள் ஆடுகிற அளவைவிடக் குறைவான எடையை அந்தத் தராசில் நிறுக்க முடியுமா?

அதற்கு மேல் டயர் காற்று, லோடு, ஏ.சி., எதிர்க்காற்று, மலைப்பாதை. எல்லாவற்றுக்கும் மேல் டிரைவரின் மனசு. நாலு ரூபாய் கூடக் கொடுத்துப் போட்ட டீசலை யாரும் தாறுமாறாக மிதிக்க மாட்டார்கள். கால் தானாக மெதுவாகும், கியர் சரியாக விழும். மைலேஜ் கூடும். கூட்டியது டீசலா, காலா?

ஒழுங்காகச் சோதிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஒரே ரூட். பத்து டேங்க் இது, பத்து டேங்க் அது, மாற்றி மாற்றி. எந்த டீசல் உள்ளே இருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியக்கூடாது. ஐம்பது வண்டி வைத்திருக்கிற டிரான்ஸ்போர்ட் ஓனருக்கு இது முடியாத காரியமே அல்ல. ஒற்றை வண்டி ஓனருக்கு முடியாது. விளம்பரம் குறிவைப்பதும் அந்த ஒற்றை வண்டி ஓனரைத்தான்.

உண்மையான தரப் போராட்டம் வேறு இடத்தில்

டீசலின் தரம் மைலேஜைப் பலமாக அடிக்கிற இடம் ஒன்று உண்டு. பிரீமியமா சாதாவா என்ற இடத்தில் அல்ல. அசலா கலப்படமா என்ற இடத்தில்.

2005 வாக்கில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் 9 ரூபாயைச் சுற்றி. டீசல் 30 ரூபாயைச் சுற்றி. நடுவில் இருந்த இருபது ரூபாய் பள்ளத்தில் ஒரு மாஃபியாவே குடியிருந்தது. கிருஷ்ணாயில் கலந்த டீசல் எடை குறைவு, லிட்டருக்குச் சக்தி குறைவு, வழவழப்பும் குறைவு. மைலேஜ் போவதோடு பம்ப்பும் தேய்ந்து போகும்.

அந்த மாஃபியாவை எதிர்த்தவர் மஞ்சுநாத் சண்முகம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலிருந்து போய் லக்னோ ஐ.ஐ.எம்.-ல் படித்தவர், இந்தியன் ஆயிலின் விற்பனை அதிகாரி. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்படம் செய்த பங்க்கை மூடி சீல் வைத்தார். திரும்பத் திறந்ததும் மறுபடி சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 27. குற்றவாளிகள் ஆறு பேரின் ஆயுள் தண்டனையை 2015-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களைவிட நாலைந்து வயதுதான் அவருக்குக் கூட. நல்ல சம்பளத்துக்கு வேறு எங்கேயும் போயிருக்கலாம். டீசலில் கிருஷ்ணாயில் கலக்கக் கூடாது என்ற ஒரே ஒரு சின்ன நியாயத்துக்காக உயிரைக் கொடுத்தார். எரிபொருள் தரம் என்ற வார்த்தைக்கு இந்த நாட்டில் இருக்கிற கனமான அர்த்தம் அதுதான். அந்த வார்த்தையை எடுத்து 'எக்ஸ்ட்ரா மைல்' என்று பேனரில் மாட்டுவது மலிவான வேலை.

மண்ணெண்ணெய் மானியம் கரைந்து போனதால் அந்தப் பள்ளம் இன்று பழைய அளவுக்கு இல்லை. ஆனாலும் சோதித்துப் பார்க்கும் உரிமை வாடிக்கையாளருக்கு அப்படியே இருக்கிறது. எந்த பங்க்கிலும் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், ஜாடி கேட்கலாம். 15 டிகிரிக்குத் திருத்திய அடர்த்தி, டேங்கர் வந்தபோது பதிந்த அடர்த்தியிலிருந்து லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் விலகக் கூடாது. ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இதெல்லாம் இலவசம். ஆனால் பங்க்கில் எத்தனை பேர் ஹைட்ரோமீட்டர் கேட்கிறார்கள்? எத்தனை பேர் பிரீமியம் கேட்கிறார்கள்?

பொய் வாக்குறுதியின் விலை

"நாலு ரூபாய்தானே, போகட்டும்" என்று விட முடியாததற்குக் காரணம் ஒன்று இருக்கிறது.

நல்ல எரிபொருள் என்றால் மைலேஜ் கூடும் என்று இருபது வருடமாக மக்களைப் பழக்கிவிட்டார்கள். அதனால் மைலேஜைக் கூட்டாத எந்த எரிபொருளும் 'மட்டம்' என்று தோன்றுகிறது. பெட்ரோலில் எத்தனால் கலந்த கதையைப் பாருங்கள். எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி குறைவு. பழைய கார்களில் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அதை பங்க்கில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தால் ஜனங்கள் எரிச்சலோடாவது புரிந்துகொண்டிருப்பார்கள். எழுதவில்லை. மீட்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. 2025-ல் அவ்வளவு கூச்சல். எத்தனால் நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு. கூச்சலில் பாதி, மறைத்ததற்காக.

நாளைக்கு இன்னும் சுத்தமான டீசல் வரும். அதில் மைலேஜ் இரண்டு சதவீதம் குறையவும் செய்யலாம். அப்போது ரோட்டோர இட்லிக் கடை அம்மாவின் நுரையீரலுக்காக அந்த இரண்டு சதவீதத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லி மக்களிடம் கேட்க வேண்டிவரும். மைலேஜ் மைலேஜ் என்று கூவி விற்றவர்கள் எந்த முகத்தோடு போய்க் கேட்பார்கள்?

கேட்க வேண்டியது

பிரீமியம் டீசலைத் தடை செய்ய வேண்டாம். அழுக்கான இன்ஜெக்டரோடு ஓடுகிற பழைய வண்டிக்கு அது உதவட்டும். அதையும் மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும், பங்க் பையன் சொல்ல வேண்டாம். பாவம், அவனுக்கு டார்கெட் இருக்கிறது. மற்றபடி கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, மைலேஜ் கூடும் என்று சொன்னால் எத்தனை சதவீதம், எந்த இன்ஜினில், சுத்தமானதிலா அழுக்கானதிலா என்று விலைப் பலகைக்குப் பக்கத்திலேயே எழுது. எழுத முடியாவிட்டால் சொல்லாதே.

இரண்டு, அன்றைய டீசலின் அடர்த்தியையும் சீட்டேனையும் பில்லில் அச்சடி. பிஸ்கட் பாக்கெட்டில் கலோரி எழுதுகிற நாட்டில், லட்ச ரூபாய்க்கு டீசல் வாங்குகிறவனுக்கு அதன் சக்தி தெரியக்கூடாதா?

மூன்று, மைலேஜைக் கிலோமீட்டர் பெர் லிட்டரில் சொல்லாதே. கிலோமீட்டர் பெர் ரூபாயில் சொல். வண்டி ஓடுவது லிட்டரில். குடும்பம் ஓடுவது ரூபாயில்.

இந்த மூன்றும் வருகிறவரை, மைலேஜ் வேண்டுமென்றால் ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டுங்கள், டயரில் காற்றுப் பாருங்கள், காலைக் கொஞ்சம் தூக்கி ஓட்டுங்கள். இந்த மூன்றுக்கும் யாரும் பெயர் வைத்து விற்க முடியாது. அதனால்தான் இவற்றுக்குப் பேனரும் இல்லை!